வாப்பாவின் ஆட்டோமேட்டிக் கடிகாரம்: பழுது பார்ப்பதா, அப்படியே வைப்பதா?

கேள்வி: என் வாப்பா 1984இல் ஜித்தாவில் புதிதாக வாங்கி வந்த சீக்கோ 5 ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. அதில் கிழமை அரபியிலும் தெரியும். வாப்பா வஃபாத்தான பிறகு யாரும் அதைக் கட்டவில்லை. இப்போது ஆட்டினால் சிறிது நேரம் ஓடி நின்றுவிடுகிறது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் 300 ரூபாய்க்கு ஆயில் போட்டுத் தருவதாகவும், இன்னொரு கடையில் 2,500 ரூபாய்க்கு மெஷினையே மாற்றித் தருவதாகவும் சொல்கிறார்கள். ஊரில் பழைய பொருள் வாங்க வரும் ஒருவர் அதே 2,500 ரூபாய்க்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். இதற்குச் செலவு செய்வது தகுமா? (கீழக்கரை வாசகர்)

பதில்: மூன்று பேருக்கும் இப்போதைக்கு மறுப்புச் சொல்லிவிடுங்கள். உள்ளே துரு ஏறியிருக்கிறதா, ஏறியிருந்தால் எந்த இடம் வரை என்பதைப் பொறுத்தே இந்தக் கடிகாரத்தைப் பழுது பார்க்கலாமா என்று முடிவு செய்ய முடியும். மூவரில் ஒருவராவது பின்மூடியைத் திறந்து பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. திறந்து பார்க்காமல் சொல்லப்படும் எந்தத் தொகைக்கும் பொருள் கிடையாது. சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் உங்களுக்குத் தேவையற்றது. நீங்கள் இதை விற்கப் போவதில்லை.

பின்மூடியைத் திறக்கச் சொல்வதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தக் காலத்து சீக்கோ 5 கடிகாரங்களில் சாவியைத் திருகினால் ஸ்பிரிங் முறுகாது. கை அசையும்போது உள்ளே சுழலும் ரோட்டர்தான் அதை முறுக்க வேண்டும். நாலு முறை ஆட்டிவிட்டு மேசையில் வைத்தால் சிறிது நேரத்தில் நின்றுபோவது அதன் இயல்பே. காலையில் கையில் கட்டி, மாலை வரை வழக்கமான வேலைகளைச் செய்துவிட்டு, இரவில் கழற்றி வையுங்கள். விடியும்வரை ஓடிக்கொண்டிருந்தால் பெரிய பழுது எதுவும் இல்லை, உலர்ந்த எண்ணெயை மாற்றும் சர்வீஸ் மட்டும் போதும். கையில் இருக்கும்போதே நின்றால் திறந்து பார்த்தாக வேண்டும். இந்தச் சோதனை ஒரு நாளைக்கு மட்டும்தான். எண்ணெய் காய்ந்த மெஷினைத் தினமும் ஓடவிட்டால் உள்ளிருக்கும் நுண்ணிய முனைகள் தேய்ந்துவிடும்.

300 ரூபாய் ஆயிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடற்கரையில் நல்ல கடிகாரங்கள் பலவற்றைக் கெடுத்தது கடலைவிட அந்த ஆயில்தான். இவ்வகை மெஷினில் இங்கும் அங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 21,600 முறை துடிக்கிறது. அதற்கு வேண்டிய எண்ணெய் ஊசிமுனையில் ஒட்டும் அளவுதான், அதுவும் இடத்துக்கு இடம் வேறு வேறு எண்ணெய். மெஷினை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு உறுப்பையும் கழுவி, தேய்மானம் பார்த்து, மறுபடி பூட்டும்போது உரிய இடங்களில் மட்டும் இடுவதே சர்வீஸ். பின்மூடியைத் திறந்து மேலாகச் சொட்டு விடுவது, பலகாரம் சுட்ட பழைய சட்டியைக் கழுவாமல் அதிலேயே புது எண்ணெயை ஊற்றுவது போன்றது. கடிகாரம் உடனே ஓடும், நீங்களும் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்துவிட்டு வருவீர்கள். பிறகு அந்த எண்ணெய் பழைய அழுக்கைக் குழைத்து உள்ளே கொண்டுபோகும். பேலன்ஸ் சக்கரத்தோடு இணைந்த மெல்லிய சுருள் கம்பியான ஹேர்ஸ்பிரிங்கில் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கடிகாரம் கண்டபடி முந்தி ஓடும். அப்போது அதே கடைக்காரர் "மெஷின் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பார்.

துருவுக்கு வருவோம். தொண்டி முதல் ஏர்வாடி வரை நம் கரையில் வீசும் காற்றில் உப்பும் ஈரமும் ஓய்வதில்லை. பீரோவுக்குள் வைத்ததெல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வெளிக்கூடு எவர்சில்வர் என்பதால் பளபளப்பாகவே இருக்கும், ஆனால் பின்மூடிக்கு அடியில் ரப்பர் வாஷர் உட்காரும் பள்ளத்தில் வியர்வையும் உப்பும் தங்கிக் குழி குழியாக அரித்திருக்கும், ஈரம் அந்த வழியாகவோ சாவித் துளை வழியாகவோ உள்ளே போகும். சாவித் தண்டும் இரண்டொரு திருகும் மட்டும் துருப்பிடித்திருந்தால் தயங்காமல் சர்வீஸ் செய்யுங்கள். சக்கரங்களின் அச்சுமுனைகளும் பேலன்ஸ் தண்டும் அரிக்கப்பட்டிருந்தால் வேறொரு பழைய கடிகாரத்தின் உறுப்புகளைக் கொண்டுதான் சரிசெய்ய முடியும். இந்த வகை ஏராளமாக விற்றது என்பதால் அவை கிடைக்கும். டயலும் பூத்து, மெஷின் முழுவதும் துருவாக இருந்தால் அதை ஓட வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, நன்றாக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

நிதானமாக முடிவு செய்யலாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு நிலையில் பொருந்தாது. கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தால் அன்றைக்கே திறந்தாக வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்கி, துடைத்தால் போய்விடுவது வேறு. துடைத்தும் போகாமல் உள்ளேயே மங்கலாக நின்று, சற்று நேரம் கழித்துத் தானாக மறைந்தாலும், உள்ளே ஈரம் இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். மங்கல் மறைந்ததால் ஈரம் வெளியேறிவிட்டதாக எண்ண வேண்டாம். கடல்நீரே உள்ளே போயிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், ஏனென்றால் நீர் வற்றினாலும் உப்பு அங்கேயே இருந்துகொண்டு அரித்துக்கொண்டிருக்கும். வெயிலில் வைப்பது, அரிசிப் பானைக்குள் புதைப்பது ஆகிய இரண்டும் உப்பை எடுக்காது. பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்து படகில் தண்ணீர் பட்ட கடிகாரத்தைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் வெயிலில் காயவைத்துவிட்டு, மறுவாரம் கடைக்கு வருகிறார்கள். அதற்குள் துரு தன் வேலையை முடித்திருக்கும்.

மெஷினை மாற்றுவது பழுது பார்ப்பது ஆகாது. எத்தனை கை மாறியது என்று தெரியாத வேறொரு மெஷின் உங்கள் கூட்டுக்குள் உட்காரும். கிழமை காட்டும் தகடு அதோடு வருவதால் அரபி எழுத்து போய், வேறு மொழி வந்துவிடக்கூடும். உங்கள் வாப்பாவின் கையில் ஓடிய மெஷின் கடைக்காரரின் டப்பாவில் உதிரிபாகமாகத் தங்கிவிடும். மேலும், இப்படிப் பேசும் கடைகள் பலவற்றில் வேலை தெரிந்தவர் இல்லை; அவர்கள் செல் மாற்றி, செயின் போடுபவர்கள். உங்கள் கடிகாரம் ஒரு ஏஜென்டின் பையில் மதுரைக்கோ சென்னைக்கோ போய், நீங்கள் பார்த்தே இராத ஒருவரின் கைக்குச் சேரும். எது மாறினாலும் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார். ஆகவே வேலை செய்பவரையே நேரில் பார்த்து, உங்கள் முன்னால் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, மெஷினையும் டயலையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகே ஒப்படையுங்கள். பின்மூடியில் 7009 என்பது போன்ற நான்கு இலக்க எண் இருக்கும், மெஷினிலும் அதே எண் இருக்க வேண்டும். தனியாக உள்ள ஆறு இலக்கத் தொடர் எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம். அது 3 அல்லது 4 ஆக இருந்தால் 1984இல் புதிதாக வாங்கியதற்குப் பொருந்தும்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். அனுப்பிப் பாருங்கள். பெரும்பாலும் "இந்த மாடல் நின்றுவிட்டது" என்ற ஒரு வரியோடு திரும்பி வரும், கூடவே புதுக் கடிகாரத்துக்குத் தள்ளுபடிச் சீட்டும் வரலாம். பெரிய கம்பெனிகள் பல வெளியே வேலை செய்பவர்களுக்கு உதிரிபாகமும் தருவதில்லை, தாங்களும் பழையதைத் தொடுவதில்லை. பிறகு உதிரிபாகத்துக்காகச் செத்த கடிகாரங்களைத் தேடி அலைபவனைப் பார்த்து "அசல் அல்ல" என்று குறை சொல்கிறார்கள். இந்த நிலையில் கைவேலை தெரிந்த இளைஞர்கள் இத்தொழிலுக்கு வராததில் என்ன வியப்பு இருக்கிறது?

வாங்கிக்கொள்கிறேன் என்பவருக்கு உங்கள் வாப்பாவின் நினைவு தேவையில்லை, அசல் மெஷின்தான் தேவை. இப்படிப் போகும் கடிகாரங்கள் பலவற்றில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் புது டயல் அச்சடித்துப் பொருத்தி, பழைய அசல் என்று இணையத்தில் விற்கிறார்கள். உங்களிடமும் யாராவது டயலைப் புதுப்பிக்கலாம், கூட்டைப் பாலிஷ் போடலாம் என்றால் சம்மதிக்க வேண்டாம். அந்தக் கீறல்கள் உங்கள் வாப்பாவின் கையில் விழுந்தவை, பாலிஷ் போட்டால் அவை திரும்பி வராது. கண்ணாடி, வாஷர், ஸ்பிரிங் மூன்றையும் தேவைப்பட்டால் மாற்றட்டும், ஆனால் கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அதையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் முடிந்த பிறகு நாளொன்றுக்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ முந்தினாலும் பிந்தினாலும் குறையாக எண்ண வேண்டாம். இரவு 9 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் இடையில் தேதியை மாற்றாதீர்கள், அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும். கடிகாரத்தில் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று எழுதியிருப்பது 1984இல் புதிதாக இருந்த வாஷரைப் பற்றியது. அரித்த பள்ளத்தில் புது வாஷர் போட்டாலும் அதை நம்ப முடியாது என்பதால், தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு செய்யும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.