ஊர்க் கடையில் மூன்றே லேப்டாப்: எதை எடுப்பது?

கேள்வி: என் மகள் புதுக்கோட்டையில் பி.சி.ஏ. முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். அறந்தாங்கியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். எங்கள் ஊர்க் கடையில் மூன்று லேப்டாப்தான் இருக்கின்றன. முதலாவதில் ரைசன் 5 7520யூ சிப், 8 ஜி.பி. ரேம், விலை 38,000 ரூபாய். இரண்டாவதில் ஐ5-1235யூ சிப், 8 ஜி.பி. ரேம், 52,000. மூன்றாவது கேமிங் லேப்டாப், 16 ஜி.பி., 74,000. இரண்டாவதை எடுக்கும்படி கடைக்காரர் வற்புறுத்துகிறார். கல்லூரியில் கொடுத்த தாளிலோ "ஐ7, 16 ஜி.பி., கிராஃபிக்ஸ் கார்டு" என்று போட்டிருக்கிறது. 55,000-க்கு மேல் என்னால் முடியாது. ஆன்லைனில் வாங்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் அந்தக் கல்லூரித் தாளை மடித்து உள்ளே வையுங்கள். பி.சி.ஏ.வில் சி, ஜாவா, பைத்தான், கொஞ்சம் டேட்டாபேஸ், கொஞ்சம் வெப் டிசைன் வரும். இதில் எதற்கும் கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. யாரோ எப்போதோ எழுதிய பட்டியலை வருடத்தை மட்டும் மாற்றி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதை நம்பிக் கடன் வாங்குகிற பெற்றோரை ஜூன், ஜூலை மாதங்களில் என் சர்வீஸ் மேஜைக்கு எதிரே பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். கேமிங் லேப்டாப் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், அதன் சார்ஜர் தனிச் சுமை, பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பெண்ணுக்கு அது ஆகாது. 74,000 உங்களால் முடியாது என்பதும் ஒருவகையில் நல்லதுதான்.

38,000 ரூபாய் லேப்டாப்பையும் விட்டுவிடுங்கள். "ரைசன் 5, 7000 சீரிஸ்" என்றால் புதுசு என்று தோன்றும். அந்த எண்ணில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 7520-இல் 2. உள்ளே இருப்பது ஜென் 2 என்ற, 2019-இல் வந்த வடிவமைப்பு என்பதை அந்த 2 சொல்கிறது. பழைய பஸ்ஸுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து விட்ட மாதிரி. ரைசன் தயாரிக்கும் ஏ.எம்.டி. கம்பெனியின் 7530யூ ஒரு படி மேலான ஜென் 3. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இதைவிடப் பெரிய குறை, 7520யூ இருக்கிற லேப்டாப்பில் ரேம், அதாவது திறந்த வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம், மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்று 8 ஜி.பி. என்றால் மூன்றாம் ஆண்டிலும் அதே 8 ஜி.பி.தான், கூட்டவே முடியாது.

மிச்சம் இருப்பது ஐ5-1235யூ. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை: 12. இது 2022-இல் வந்த இன்டெல் சிப். மோசமில்லை, உங்கள் மகளின் படிப்புக்குத் தாராளமாகப் போதும். என் ஆட்சேபம் 52,000 என்ற விலைமேல், அப்புறம் அந்த 8 ஜி.பி.மேல். விண்டோஸ் 11, பிரவுசரில் பத்துப் பக்கம், பக்கத்தில் ஒரு ஜாவா புரோகிராம் என்று திறந்தாலே 8 ஜி.பி. மூச்சுத் திணறும். ஐ3-இல் 16 ஜி.பி.யும் ஐ5-இல் 8 ஜி.பி.யும் ஒரே விலைக்குக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐ3-ஐ எடுக்கச் சொல்வேன். "ஐ5" என்ற இரண்டெழுத்துக்கு நம் ஊரில் இருக்கிற மரியாதை அளவுக்கு மீறியது. போதாக்குறைக்கு, 2024 முதல் இன்டெல் அந்த "ஐ"யையும் எடுத்துவிட்டு "கோர் 5 120யூ" என்று பெயர் வைக்கிறது. உள்ளே கிட்டத்தட்ட 13-ஆம் தலைமுறைச் சரக்குதான். வாங்குகிறவருக்குப் புரியக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு பெயர் வைக்கிறார்களோ என்னவோ.

சரி, மூன்றில் எதை என்றுதானே கேட்டீர்கள்? மூன்றில்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? கடைக்காரர் ஷோகேஸில் வைத்திருப்பது அவர் கையிருப்பு. திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்துதான் அவருக்குச் சரக்கு வருகிறது. நீங்கள் கேட்கிற மாடலை அவரால் சில நாளில் வரவழைக்க முடியும். பெருநகரத்தில் விலை போகாமல் தேங்கிய மாடல்களைத் தாலுகா ஊர்களுக்குத் தள்ளிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். "இதை முதலில் தள்ளிவிடுங்கள்" என்று அவருக்கும் மேலிருந்து நெருக்குதல் இருக்கும். அவரை ரொம்பத் திட்டவும் முடியாது, ஆனால் அந்தச் சுமையை நீங்கள் ஏன் தூக்க வேண்டும்?

கடைக்குப் போய் ஒரு தாளில் இதை எழுதிக் கொடுங்கள்: "13-ஆம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5, இல்லையென்றால் ரைசன் 5 7530யூ. ரேம் 16 ஜி.பி., எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி., ஃபுல் ஹெச்.டி. திரை, கம்பெனியே போட்ட விண்டோஸ் 11. பில்லோடு 55,000-க்குள்." முன்பணம் கேட்டால் ஆயிரம் ரூபாய் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீதில் மாடலின் முழு எண்ணும் இருக்க வேண்டும், வெறும் "ஐ5 லேப்டாப்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். "விண்டோஸ் நாங்களே போட்டுத் தருகிறோம், மூவாயிரம் குறையும்" என்று சொன்னால், விண்டோஸ் இல்லாமல் வருகிற மாடலில் திருட்டு காப்பி ஏற்றப் போகிறார்கள் என்று பொருள்.

எந்த பிராண்ட் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் பெயர் சொல்லியிருக்க மாட்டேன். கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு, சர்வீஸ் சென்டர் புதுக்கோட்டையில் இருக்கிறதா, திருச்சிக்குப் போக வேண்டுமா என்று பாருங்கள். "ஆன்சைட் வாரண்டி" (வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பது) என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அறந்தாங்கி அவர்கள் கணக்கில் வருமா என்பதைக் கஸ்டமர் கேரில் கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்காரர் வாய்மொழி போதாது.

இப்போது பெட்டி விஷயம். சீல் பிரித்த பெட்டியை வாங்காதீர்கள். டெமோவுக்கு வைத்தது, யாரோ திருப்பிக் கொடுத்தது, ரேமை மாற்றிப் போட்டது என எல்லாம் பிரித்த பெட்டியில்தான் வரும். பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்க வேண்டும், அது சட்டம். ஒரு வருடத்துக்கு முந்தியது என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பர், லேப்டாப்பின் அடியில் இருப்பது, பில்லில் எழுதியது, மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டால் வாரண்டி எப்போது தொடங்கியது என்று தெரியும். வாங்குவதற்குப் பல மாதம் முன்பே தொடங்கியதாகக் காட்டினால், பில்லை அனுப்பித் தேதியைத் திருத்தச் சொல்லலாம். திருத்துவார்கள், ஆனால் ஜி.எஸ்.டி. பில் வேண்டும்.

சீல் விஷயத்தில் ஒரே ஒரு விலக்கு உண்டு. அது உங்களுக்கு நேரலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 16 ஜி.பி. மாடல் வரவே இல்லை, கடையில் இருக்கும் ஐ5-1235யூவையே விலை குறைத்துத் தருகிறார் என்று வையுங்கள். அதில் இன்னொரு ரேம் செருக இடம் காலியாக இருக்கிறதா என்று கம்பெனி தளத்தில் அந்த முழு மாடல் எண்ணுக்குப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பேச்சை அதோடு விடுங்கள். இருந்தால், இன்னொரு 8 ஜி.பி. போட பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ரேம் கூட்டினால் வாரண்டி போகுமா என்று முதலில் கஸ்டமர் கேரில் கேளுங்கள். பெரும்பாலும் போகாது, சில கம்பெனிகள் தங்கள் ஆள்தான் திறக்க வேண்டும் என்பார்கள். சீலை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். ரேம் போடுவதற்கு முன்பு ஒருமுறை ஆன் செய்து 8 ஜி.பி. காட்டுகிறதா என்று பாருங்கள். டி.டி.ஆர்.4-ஆ டி.டி.ஆர்.5-ஆ என்று பார்த்து அதே வகையைத்தான் போட முடியும். போட்ட பிறகு செட்டிங்ஸில் 16 ஜி.பி. என்று வர வேண்டும். பக்கத்தில் 15-க்குச் சற்று மேல் ஓர் எண் இருந்தால் பதறாதீர்கள், திரைக்காகக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளும். புது ரேமுக்குத் தனி பில், தனி வாரண்டி. "உள்ளே எடுத்துப்போய் போட்டுத் தருகிறேன்" என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள். உள்ளே போன நல்ல ரேம் வெளியே வராத கதைகள் எனக்குத் தெரியும். "இப்போது 8-ஐ வாங்குங்கள், ரேமை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பழைய யோசனையையும் இப்போது நான் சொல்வதில்லை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் அது லாபமே இல்லை.

இடைத்தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். "சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்கு ஆள் இருக்கிறார், பில் இல்லாமல் ஐயாயிரம் குறைவு" என்று சொந்தக்காரப் பையன் யாராவது வருவான். பில் இல்லாத லேப்டாப்புக்கு வாரண்டி கேட்டு எங்கே போய் நிற்பீர்கள்? அவன் போனையும் எடுக்க மாட்டான். கடையிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் பைனான்ஸ்காரர் "ஜீரோ வட்டி" என்பார். அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பிராசசிங் கட்டணம், இன்சூரன்ஸ் என்று வேறு பெயரில் வாங்கிவிடுவார்கள். கையில் 55,000 இருந்தால் அந்த மேஜைப் பக்கமே போகாதீர்கள்.

ஆன்லைன் பயம் நியாயமானதுதான். ஊர்க் கடைக்காரர் வரவழைக்க மறுத்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். விற்பவர் யார் என்று பார்த்து, பார்சலைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து வீடியோ எடுங்கள்.

வாங்கிய அன்று இன்னொரு காரியம். பல மாடல்களில் ஆஃபீஸ் மென்பொருள் சேர்ந்தே வரும். அதை முதலில் எந்த ஈமெயிலில் ஆக்டிவேட் செய்கிறோமோ அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். கடைப் பையன் வசதிக்காகத் தன் ஈமெயிலைப் போட்டுவிடுவான். பின்னால் விண்டோஸை மறுபடி ஏற்றும்போது உங்கள் ஆஃபீஸ் அவனிடம் இருக்கும். மகளின் ஈமெயிலில், மகளே உட்கார்ந்து போடட்டும்.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. எத்தனை வாய்தா போக வேண்டியிருக்கும் என்பதற்கு மட்டும் சட்டத்தைக் கேட்டுப் பயனில்லை.

கடைசியாக, பில் போடும் நேரத்தில் ஆன்டிவைரஸ், கூலிங் பேட், ஸ்டெபிலைசர் என்று அடுக்குவார்கள். விண்டோஸிலேயே ஆன்டிவைரஸ் இருக்கிறது. லேப்டாப் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், ஸ்டெபிலைசர் எதற்கு? அந்தப் பணத்தில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மகள் படிக்கிற இடத்தில் எர்த் உள்ள மூன்று முள் ப்ளக் பாயின்ட் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.