மாடும் செல்வமும்

கேள்வி: கால்நடையை ஜெர்மனில் ‘ஃபீ’ என்கிறார்கள். நம் ‘பசு’வுக்கும் அதற்கும் உறவு உண்டாமே, ஒலி ஒட்டவே இல்லையே?
- வாசகர், போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உறவு உண்டு. இரண்டுக்கும் மூலம், ஐரோப்பிய, வட இந்திய மொழிகள் பலவற்றின் பொதுத் தாயான இந்தோ-ஐரோப்பிய மொழியின் ‘பெகு’. ஜெர்மன், டச்சு முதலியவை அடங்கிய ஜெர்மானியக் கிளையில் ‘ப’ ஒலி ‘ஃப’ ஆகும், ‘க’ ஒலி ‘ஹ’ ஆகும். ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்த விதி இது. அப்படி வந்ததுதான் மூல ஜெர்மானிய ‘ஃபெஹு’. எந்த எழுத்திலும் கிடைக்காமல் மீட்டமைத்த வடிவம் என்பதால் முன்னால் உடுக்குறி (*) இடுவார்கள். கால்நடை, செல்வம் இரண்டும் அதன் பொருள். வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோத்திக்கில் செல்வம் என்ற பொருள் நின்றது. ஜெர்மன் ‘ஃபீ’, டச்சு ‘ஃபே’ இரண்டிலும் கால்நடை நின்றது. சமஸ்கிருதத்திலோ ‘க’ சகரமாகி ‘பசு’ ஆனது. நமக்கு அங்கிருந்து வந்தது.

தமிழ் ‘மாடு’ம் பழைய வழக்கில் செல்வத்தைக் குறித்ததே! பொருள் அழகாகப் பொருந்தினாலும் ஒலிவிதி பொருந்தவில்லை. அது தனி வேர்.