ஸ்பேனர் பிடித்தவருக்கு எந்த வரிசை?

கேள்வி: 1984 முதல் 2004 வரை ராணுவத்தில் வண்டி, ஆயுதங்களைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். கார்கில் சண்டை நடந்தபோது மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சக்திமான் லாரி இன்ஜின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். இருபது வருட சர்வீஸில் எதிரி சுட்ட சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை. போன ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்தன்று எங்கள் முன்னாள் படைவீரர் சங்க விழாவில் மெடல் குத்திக்கொண்டு முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் கார்கிலில் நின்றவர். "ஸ்பேனர் பிடிச்சவனுக்கெல்லாம் முன்வரிசையா?" என்று என் மந்தக் காதிலேயே விழுகிற அளவுக்குச் சொன்னார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மகள் கல்யாணத்தில் சம்பந்தி என்னை மைக்கில் "கார்கில் வீரர்" என்று அறிமுகப்படுத்தினார். நான் மறுக்கவில்லை. ரிட்டயர் ஆகும்போது மெடிக்கல் போர்டில் காது மந்தம் என்று எழுதினார்கள். அதற்குத் தனியாக பென்ஷன் கேட்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். குண்டடி படாதவன் எந்த முகத்தோடு கேட்பது என்று விட்டுவிட்டேன். நான் பட்டாளத்துக்காரன்தானா?

— பெயர் வேண்டாம் என்ற வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: பட்டாளத்துக்காரர்தான். இதைச் சொல்ல ஒரு பத்திரிகை ஆசிரியர் தேவையில்லை, மத்திய அரசின் விதியே சொல்கிறது. முன்னாள் படைவீரர் யார் என்று சொல்லும் 1979-ஆம் வருட விதியில், தரைப்படை, கடற்படை, விமானப்படையில் எந்த ரேங்க்கிலும், 'போரிடும் பணியிலோ போரிடாத பணியிலோ' இருந்தவர் என்றுதான் இருக்கிறது. கேன்டீனில் கோட்டா வாங்கப் போனால் ரேங்க்கைப் பார்க்கிறார்களே தவிர, எத்தனை குண்டு பார்த்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் நீங்கள் கேட்பது விதியைப் பற்றி அல்ல, பக்கத்து நாற்காலிக்காரரைப் பற்றி. அவரிடம் வருவோம்.

நீங்களும் அவரும் சேர்ந்த அன்று எடுத்த உறுதிமொழி ஒன்றுதான். நிலம், நீர், ஆகாயம் எதன் வழியானாலும் அனுப்பும் இடத்துக்குப் போவேன், உயிருக்கு ஆபத்து என்றாலும் கட்டளைக்குக் கீழ்ப்படிவேன் என்பது அதன் சாரம். அதற்கப்புறம் அவரைக் கார்கில் சண்டை நடந்த டிராஸுக்கு அனுப்பியதும் உங்களை ஒர்க்‌ஷாப்பில் உட்காரவைத்ததும் போஸ்டிங் ஆர்டர். அதில் அவருடைய வீரமும் இல்லை, உங்கள் கோழைத்தனமும் இல்லை. அங்கே போன பிறகு அவர் செய்தது வீரம். அதை மறுக்க முடியாது, அதற்கும் வருகிறேன்.

முதலில் 'சண்டை பார்த்தவர்' என்பதன் எல்லையை எங்கே போடுவது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். 1999-ல் ஸ்ரீநகரிலிருந்து லே போகிற சாலை, மலை உச்சியில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தான் படையின் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பகலில் ஓட்டினால் பீரங்கிக் குண்டு விழும். அதனால் ராத்திரியில், ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் என்ற அந்த ரோட்டில் சப்ளை லாரிகளை ஓட்டினார்கள். அந்த டிரைவர் துப்பாக்கியால் ஒரு குண்டும் சுட்டிருக்க மாட்டார். அவர் சண்டை பார்த்தவரா, இல்லையா? இரண்டு மாதச் சண்டையில் நம் பக்கம் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஷெல்களும் ராக்கெட்டுகளும் சுட்டதாகக் கணக்கு. அத்தனையும் எங்கிருந்தோ ரயிலில் ஏற்றி, லாரியில் மாற்றி, பீரங்கிக்குப் பக்கத்தில் இறக்கப்பட்டவை. சூடேறி மக்கர் பண்ணிய போபர்ஸ் பீரங்கியைப் பழுது பார்த்தது உங்கள் இ.எம்.இ. ஆட்கள்தான். டோலோலிங் மலை ஏறியவர் இதையெல்லாம் மறந்திருக்க மாட்டார். கோபத்தில் பேசும்போது நினைவில் வராது, அவ்வளவுதான்.

சாவை வைத்துக் கோடு போடலாம் என்றால் அதுவும் நிற்காது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,000 அடிக்கு மேலே இருந்த ஒரு போஸ்டில் பனிச்சரிவு விழுந்து 19-வது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். ஆறு நாள் கழித்து, பனிக்கு அடியிலிருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். டெல்லி மருத்துவமனையில் 11-ஆம் தேதி அவரும் போய்விட்டார். இறந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. சியாச்சினில் 2003 நவம்பரிலிருந்து சண்டை நிறுத்தம், துப்பாக்கிச் சத்தமே கிடையாது. 1984-ல் அங்கே ஏறிய நாள் முதல் எதிரியைவிடக் குளிரும் உயரமும் பனிச்சரிவும்தான் அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. அந்தப் பத்து வீட்டு வாசலில் போய் நின்று "உங்கள் பிள்ளை சண்டை பார்க்கவில்லை" என்று சொல்ல உங்கள் சங்கத்தில் யாருக்காவது நாக்கு வருமா?

சரி, இத்தனையும் உங்கள் பக்கம். இனி எதிர்ப் பக்கம்.

வித்தியாசம் உண்டு, அதை ராணுவமே ஒளிக்கவில்லை. கார்கில் மலைகளில் களத்தில் நின்றவர்களுக்கு 'ஆபரேஷன் விஜய் ஸ்டார்' என்று ஒன்று கொடுத்தார்கள். அதே நேரத்தில் மற்ற இடங்களில் நிறுத்தப்பட்டிருந்தவர்களுக்குக் கொடுத்தது 'ஆபரேஷன் விஜய் மெடல்'. இரண்டும் சட்டையில் ஒரே பக்கம்தான் குத்தப்படும், ஆனால் பட்டாளத்துக்காரன் கண்ணுக்கு எது எது என்று தூரத்திலிருந்தே தெரியும். உங்கள் நெஞ்சில் இருப்பவற்றைப் பார்த்தே அவர் உங்கள் சர்வீஸ் முழுவதையும் படித்திருப்பார். ஒன்பது வருடத்துக்கு ஒன்று, இருபது வருடத்துக்கு ஒன்று, சுதந்திரப் பொன்விழாவுக்காக 1997-ல் சர்வீஸில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது ஒன்று. அவற்றில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஜூலை 26 என்பது சர்வீஸ் முழுவதையும் கொண்டாடுகிற நாள் கிடையாது. ஒரு குறிப்பிட்ட மலையில் ஒரு குறிப்பிட்ட கோடைகாலத்தில் நடந்ததை நினைக்கும் நாள். 527 பேர் திரும்பவில்லை. அந்த மனிதர், தன் செக்‌ஷனில் பக்கத்தில் படுத்திருந்தவனை அங்கே விட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம். அன்றைக்கு முன்வரிசை அவர்களுக்கும் அந்தக் குடும்பங்களுக்கும் உரியது. சங்கச் செயலாளர் கூப்பிட்டால்கூட, "நான் பின்னால இருக்கேன் சார்" என்று நீங்களே சொல்லியிருக்க வேண்டும். பின்வரிசையில் உட்காருவது தண்டனை இல்லை. துக்க வீட்டில் பங்காளிக்கு ஒரு இடம், அண்டை வீட்டுக்காரருக்கு ஒரு இடம் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி.

எல்லோரும் சமமாக உட்காரவும் ஒரு நாள் இருக்கிறது. ஜனவரி 14, ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற நாள், முன்னாள் படைவீரர் தினம். நம் ஊரில் அது போகியிலோ பொங்கலிலோ போய் முட்டிக்கொள்வதால் யாரும் கவனிப்பதில்லை. அன்று விழா வையுங்கள். யார் முன்வரிசையில் உட்கார்ந்தாலும் ஒருவரும் வாயைத் திறக்க முடியாது.

உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் அப்படிப் பேசியது தவறுதான். சபையில் சக பட்டாளத்துக்காரனை அவமானப்படுத்துவது எந்த ரெஜிமென்ட்டிலும் கற்றுக்கொடுப்பதில்லை. ஆனால் அவருக்கு ஏன் அந்த எரிச்சல் என்று யோசித்தீர்களா? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கல்யாண மண்டபத்து மைக்.

அங்கே நீங்கள் சும்மா இருந்தது சின்ன விஷயம் இல்லை. உங்கள் ஊரில் கார்கில் போகாத 'கார்கில் வீரர்கள்' இன்னும் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும். டீக்கடையிலும் கோயில் திருவிழாவிலும் அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, ஸ்பேனர் பிடித்தவரைக் கண்டாலே சந்தேகப்படுகிற நிலைக்கு வந்திருப்பார். சம்பந்தி தெரியாமல் சொன்னார். நீங்கள் தெரிந்தே விட்டீர்கள். "நான் ஒர்க்‌ஷாப்ல இருந்தேங்க" என்று ஒரே வரி சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றிருக்காது. இனியாவது சம்பந்தியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய் தாத்தாவின் கார்கில் கதையைச் சொல்லுவதற்கு முன்னால் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். சண்டை பார்த்தவர்களுக்கெல்லாம் மாலை விழுந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1987-லிருந்து 1990 வரை இலங்கைக்குப் போன அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியலை இங்கே கிளறவில்லை, அது தனிக் கதை. யாழ்ப்பாணத்தில் நின்ற தமிழ் ஜவான்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். உங்கள் சங்கத்திலேயே ஒருவர் இருவர் இருப்பார்கள். அவர்களை எந்தத் தேதியில் எந்த வரிசையில் உட்காரவைக்கிறார்கள் என்று உங்கள் செயலாளரைக் கேளுங்கள்.

கடைசியாகக் காது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். செய்யாத சண்டைக்குப் பேர் வாங்கும்போது சும்மா இருந்தீர்கள், செய்த வேலைக்கு உரிய காசைக் கேட்க மட்டும் கூச்சமா?

போரில் பட்ட காயத்துக்கு வேறு பென்ஷன், சர்வீஸில் வந்த ஊனத்துக்கு வேறு பென்ஷன் என்று அரசே பிரித்துத்தான் வைத்திருக்கிறது. முழு ஊனம் என்றால், சர்வீஸ் முடித்து வருபவருக்குச் சாதாரண ஊனத்தில் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், போர்க் காயத்தில் 60 சதவீதம். ஆகவே நீங்கள் கேட்டால் குண்டடி பட்டவரின் தட்டிலிருந்து ஒரு பருக்கையும் குறையாது. தர்மவீர் சிங் என்பவர் சிக்னல்ஸ் பிரிவில் 1985-ல் சேர்ந்து, வலிப்பு நோயால் 1994-ல் வெளியே அனுப்பப்பட்டவர். நோய்க்கும் சர்வீஸுக்கும் சம்பந்தமில்லை என்று பென்ஷனை மறுத்தார்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம், சேரும்போது அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால் சர்வீஸில் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது ராணுவத்தின் பொறுப்பு என்றது. அந்த வழக்கிலும் குண்டு கிடையாது, எதிரி கிடையாது. 2023-ல் விதிகளை மாற்றினார்கள், ஆனால் 2004-ல் வெளியே வந்த உங்களுக்குப் பழைய விதிதான்.

ஆகவே ரிட்டயர்மென்ட்டின்போது நடந்த மெடிக்கல் போர்டின் நகலை எடுங்கள். கையில் இல்லை என்றால் செகந்திராபாத்தில் இருக்கும் இ.எம்.இ. ரெக்கார்ட்ஸுக்கு சர்வீஸ் நம்பரோடு எழுதிக் கேளுங்கள். சதவீதம் 20-க்குக் குறையாமல் இருக்கிறதா, சர்வீஸால் வந்தது என்று எழுதியிருக்கிறார்களா இல்லை என்று எழுதியிருக்கிறார்களா, இந்த இரண்டையும் பாருங்கள். மறுத்தால் மேல்முறையீடு, அப்புறம் சென்னையில் ராணுவத் தீர்ப்பாயம். இத்தனை வருடம் விட்டதால் பழைய பாக்கி பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு மேல் கிடைக்காது, அதனால் இந்த மாதமே எழுதுங்கள். மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். அதில் தியாகம், நாட்டுப்பற்று என்றெல்லாம் ஒரு பக்கம் நிரப்ப வேண்டாம். எத்தனை வருடம் இன்ஜின் டெஸ்ட் பண்ணுகிற இடத்தில் நின்றீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், காதுக்கு அடைப்பான் கொடுத்தார்களா இல்லையா, இதை மட்டும் எழுதுங்கள்.