ஆலா எச்சமும் பவளப்பாரும்

கேள்வி: லட்சத்தீவுப் பக்கம் தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலில் தங்கி மீன் பிடிப்பது) போகும் எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள், ஆலா என்னும் கடற்பறவை அடையும் தீவைச் சுற்றி மீன் அதிகம் என்கிறார்கள். ஊர்ச் சாக்கடை கலந்தால் பவளப்பார் கெடுகிறதே, பறவை எச்சம் மட்டும் எப்படி நல்லதாகும்?
— வாசகர், நீரோடி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: படகுக்காரர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பவளப்பார் உள்ள கடல் அப்படித் தெளிந்து கிடப்பதே அதில் சத்து குறைவு என்பதால்தான். கடற்பறவைகள் பெரும்பாலும் பாரைத் தாண்டி ஆழ்கடலில் இரை பிடித்து, தீவில் வந்து எச்சமிடுகின்றன. பாருக்கு அது வெளியூர் வரவு. எச்சத்தின் யூரிக் அமிலத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும். மழைநீரும் மணலுக்கடியில் ஊறும் நீரும் அதைக் கடலில் சேர்க்கும். முதலில் பாசி, பிறகு அதை மேயும் மீன்.

இதை அளந்தும் பார்த்தாயிற்று. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் (அதிலுள்ள டியாகோ கார்சியா உங்கள் பக்கம் தெரிந்த பெயர்தான்) எலி ஏறிய 6 தீவுகளையும் ஏறாத 6 தீவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. எலி இல்லாத தீவுகளில் தழைச்சத்து (நைட்ரஜன்) வரவு 251 மடங்கு. அவற்றை ஒட்டிய பாரில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் அதிகம். எலி முட்டையையும் குஞ்சையும் தின்று பறவையை ஒழித்தால் அடி வாங்குவது மீன்தான். தீவு முழுக்கத் தென்னை வைத்தாலும் கெடுதல். மற்ற மரங்களில் அடைகிற அளவுக்குப் பறவைகள் தென்னையில் அடைவதில்லை.

எச்சத்தில் தழைச்சத்தோடு மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்ந்தே வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சாக்கடையும் வயல் உரமும் அப்படியல்ல. நைட்ரேட் ஏறி மணிச்சத்து ஈடாக இல்லாவிட்டால் பவளத்துக்குள் வாழும் நுண்பாசி நலிந்து, கடல் சூடேறும்போது பவளம் சீக்கிரம் வெளுத்துவிடும். சாக்கடையில் நோய்க்கிருமியும் சேறும் வேறு.

லட்சத்தீவில் கவரத்திக்கு வடமேற்கே உள்ள பிட்டித் தீவு, ஆலாக்கள் கூட்டமாக முட்டையிடும், மரமில்லாத மணல்திட்டு. அங்கே இறங்க வேண்டாம். ஆள் நடமாட்டத்தில் தாய்ப்பறவை எழும்பிப் பறந்தால், நிழலில்லாத மணலில் முட்டை வெயிலில் வெந்துபோகும். எலி கயிறு வழியே படகில் ஏறாமலிருக்க, துறைமுகத்தில் படகு கட்டும் கயிற்றில் அகலமான தகர வட்டு மாட்டுங்கள். புறப்படுமுன் வலைக்குவியலையும் அரிசி மூட்டையையும் புரட்டிப் பாருங்கள். சினை எலி ஒன்று கரையேறினால் போதும், தீவே எலிக்காடாகிவிடும்.