அப்பாவைப் பற்றி என்ன பேசுவது?

கேள்வி: என் தந்தை நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் இறைவனில் இளைப்பாறினார். முப்பதாம் நாள் திருப்பலியில் நான் பேச வேண்டும் என்கிறார் அம்மா. அப்பா ஆலயத்தில் எந்தப் பொறுப்பும் வகித்ததில்லை. கடைசி வரிசையில் அமர்ந்து ஜெபித்துவிட்டு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் வேலை இருந்ததால் சனிக்கிழமை மாலைப் பூசைக்குத்தான் போவார். அது கடைசிவரை அவருக்கு ஒரு மனக்குறை. முன்கோபமும் உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது?
- ஒரு மகள், குன்னூர்

பதில்: உங்கள் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம், சகோதரி.

முதலில் அவருடைய வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். மலைவாசிகளான நாமே அதைச் சரியாகக் கவனித்ததில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறது. முன்னே பாறை சரிந்து கிடந்தாலும் யானை நின்றாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. பெட்டிகளின் முகப்பில் கொடியுடன் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள், ஒருவர் காட்டுவதை அடுத்தவர் பார்த்துக் காட்ட, அப்படித்தான் செய்தி அவரை எட்டும். 1899-இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட அந்தப் பாதையை 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். மழையிலும் மூடுபனியிலும் அந்தத் திறந்த முகப்பில் நின்று, பின்னால் இருந்த அத்தனை பேரையும் பத்திரமாக மேலே சேர்த்தவரைப் பொறுப்பு எதுவும் வகிக்காதவர் என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமைப் பூசை பற்றிய மனக்குறைக்கு இடமே இல்லை. முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு பூசை காணும் கடமை நிறைவேறிவிடுகிறது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு தெளிவாகவே கூறுகிறது. வேலை முடிந்த களைப்போடு ஆலயத்துக்குப் போன அவருடைய பக்தியில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் அம்மாவின் மன ஆறுதலுக்காகவாவது இதைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோபத்தை மறைக்க வேண்டாம். முன்வரிசையில் இருக்கப்போகும் சொந்தபந்தங்கள் அத்தனை பேரும் அதை அறிந்தவர்கள்தாம். மறைத்தால் வேறு யாரைப் பற்றியோ பேசுவதாகத் தோன்றும். கோபம் தணிந்தபின் அவர் என்ன செய்வார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் யாருக்காவது ரகசியமாகப் பண உதவி செய்திருந்தால், வாங்கியவர் பெயர் மட்டும் வேண்டாம்.

நேரத்தைப் பங்குத்தந்தையிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அடக்கத் திருப்பலியில் குருவானவர் ஆற்றும் மறையுரை இறந்தவரைப் புகழும் உரையாக அமையக் கூடாது என்பது திருச்சபையின் நெறி. குடும்பத்தார் பேசுவதற்கு நற்கருணை வழங்கிய பிறகே இடம் உண்டு. முப்பதாம் நாளிலும் அதையே பின்பற்றுவது நல்லது. நான்கு நிமிடம் போதும். தாளில் எழுதி வைத்துக்கொண்டால் தொண்டை அடைக்கும்போது தம்பியோ தங்கையோ வாங்கி வாசிக்கலாம்.

எழுத உட்காருவதற்கு முன், அவரோடு வேலை பார்த்தவர்கள் குன்னூரிலோ மேட்டுப்பாளையத்திலோ இருந்தால் ஒருவரையாவது நேரில் பாருங்கள். வீட்டில் அதிகம் பேசாத அப்பாக்கள் பலர் வேலையிடத்தில் பிள்ளைகளைப் பற்றியே பேசியிருப்பார்கள். முப்பதாம் நாளுக்கு அவர்களையும் அழையுங்கள்.