காற்றுக்குப் பயந்து முகட்டு மரங்களை வெட்டலாமா?

கேள்வி: கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கம் சரிவில் காபி போட்டிருக்கிறேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகு, நடுவே மலைவாழை. பெருங்காற்றில் மரங்கள் ஒடிந்து காபிச் செடிகள்மேல் விழுகின்றன. முகட்டு மரங்களை மொத்தமாக எடுத்துவிடலாமா? ஆட்களை வேலைக்கு விடவே பயமாக இருக்கிறது.

பதில்: எடுக்காதீர்கள் ஐயா. சரிவில் ஏறும் காற்று முகட்டிலும், இரண்டு குன்றுகளுக்கு நடுவிலுள்ள கணவாயிலும் நெருக்குண்டு வேகம் பிடிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மரத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முகட்டு மரங்கள் சிறு வயதிலிருந்தே இந்தக் காற்றைத் தாங்கி, அடி பருத்து, வேர் பரப்பி நிற்பவை. உள்ளே இருப்பவை மறைவில் ஒல்லியாக ஓங்கியவை. முன்வரிசை போனால் அடுத்த காற்றில் சாய்வது இவைதான். பாதிக் காற்றைச் சல்லடைபோல உள்ளே விடும் மரவரிசை, தன் உயரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும்.

ஆபத்தான மரங்களை மட்டும் எடுங்கள். காற்று வரும் பக்கம் அடிமண் வெடித்திருப்பது, அடியில் காளான், தண்டில் பொந்து, போன வருடத்தைவிடக் கூடுதல் சாய்வு, பாதை வெட்டும்போது ஒரு பக்க வேர் அறுபட்டது: இவையே அடையாளம். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், வெட்டுமுன் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற மரங்களில் பக்கக் கிளைகளைக் கழியுங்கள், போதும். தலையை வெட்டினால் பிடிப்பில்லாத கொம்புகள் பல கிளைக்கும், வெட்டுவாய் வழியே அழுகலும் இறங்கும். பிறகு அவைதான் முதலில் ஒடியும். மிளகுக் கொடியும் அடர்ந்து உச்சிவரை ஏறினால் காற்றை வாங்கும், ஏணிக்கு எட்டும் உயரத்தில் நிறுத்திவிடுங்கள்.

இதெல்லாம் செப்டம்பருக்குள் முடியட்டும். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினம் அருகே கரையேறிய கஜா புயல், கொடைக்கானல் மலை வரை வந்து மரங்களைச் சாய்த்தது. நவம்பர் மண் நனைந்து வேர்ப்பிடி தளர்ந்திருக்கும் மாதம். காபிப் பழம் பறிக்க ஆட்கள் மரத்தடியில் நிற்கும் மாதமும்கூட. அதனால் எச்சரிக்கை வந்த நாளில் பறிப்பே வேண்டாம். பழம் உதிர்ந்தால் கொஞ்சம் நஷ்டம், அவ்வளவுதான். வேலை நடுவே காற்று எழும்பினால், ஏணியிலிருந்து இறக்கி, மரங்களும் மின்கம்பியும் இல்லாத திறந்த இடத்துக்கோ கான்கிரீட் கட்டடத்துக்கோ அனுப்புங்கள். தகர ஷெட்டில் ஒதுங்க விடாதீர்கள், கூரை பிய்ந்தால் தகடு கத்திதான்.

காற்று நின்றதும் உள்ளே ஓடாதீர்கள். ஒடிந்து மேலே தொங்கும் கிளை பிறகும் விழும். அறுந்த கம்பி கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள், எண் 94987 94987. அலுமினிய ஏணியைக் கம்பி பக்கம் எந்த நாளும் கொண்டுபோகக் கூடாது.

தார் போட்ட வாழைக்கு, சாயும் பக்கத்தில் முட்டுக் கொடுத்து மண் அணையுங்கள். இளம் காபிச் செடி ஆடி ஆடி அடியில் குழி பறித்திருந்தால் பட்டை தேய்ந்திருக்கும். குழியை மூடிக் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஒடிந்த காபித் தண்டைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவினால், கீழேயிருந்து வரும் துளிர்களில் நல்லதாக ஒன்றை விட்டு வளர்க்கலாம். தோட்டத்தை ஒழுங்குபடுத்துமுன் சேதத்தைப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலரிடமும் எழுதிக் கொடுங்கள்.