ஹோட்டல் வேலையும் ஆண்களின் மனநலமும்: கேள்வி பதில்

பதினான்கு வருடம் ஹோட்டல் கிச்சனில் நின்றவன் நான். வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, ஒரு ஷிஃப்ட்டையே நடத்தும் பொறுப்பு வரை வந்தேன். அப்புறம் சமூகப்பணி படித்து இப்போது மனநல ஆலோசகராக இருக்கிறேன். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு தற்கொலையால் இறந்த 1,70,000-க்கும் மேற்பட்டவர்களில், நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஆண்கள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அதனால்தான் ஹோட்டல்காரர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டேன்.

அண்ணே, மதுரையில் பரோட்டா மாஸ்டராக இருக்கிறேன். ராத்திரி 1 மணிக்குக் கடை அடைத்தாலும் 3 மணி வரை தூக்கம் வராது. ஒரு குவாட்டர் போட்டால்தான் கண் அசருகிறது. இது தப்பா?

தப்பு சரி என்று பேச வேண்டாம் தம்பி. உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஏழு மணிக்குக் கல் சூடேறியதிலிருந்து "ரெண்டு செட், ஒரு கொத்து" என்று காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கும். அடுப்பை அணைத்ததும் உடம்பு அணைந்துவிடாது. படுத்தாலும் கை மாவைத் தட்டிக்கொண்டே இருக்கும். எனக்கும் இருந்திருக்கிறது.

குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், உண்மைதான். ஆனால் பின்பாதித் தூக்கத்தை அது கெடுத்துவிடும். விடிகாலையில் நாக்கு வறண்டு, நெஞ்சு படபடக்க எழுந்திருப்பீர்கள். மறுநாள் எரிச்சல், அதற்கு ஐந்தாறு டீ, ராத்திரி மறுபடி குவாட்டர். கடைசி டீயை 7 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் குளியுங்கள். எட்டுப் பேர் தங்கும் ரூமில் யாராவது லைட்டைப் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். கண்மேல் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுகிற நேரம் ஒன்றாக இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கவனம். பல வருடமாக தினமும் நிறையக் குடிப்பவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

என் கணவர் சென்னையில் ஹோட்டல் கேப்டன், சர்வர்களை மேற்பார்க்கும் வேலை. வாடிக்கையாளரிடம் அவ்வளவு தன்மையாகப் பேசுவாராம். லீவில் ஊருக்கு வந்தால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். "எதுக்கு இந்தப் பொழப்பு" என்று ஒரு தடவை சொன்னார். பயமாக இருக்கிறது.

பயப்பட்டது நியாயம்தான் தங்கச்சி. மனச்சோர்வு வந்த ஆண்கள் எல்லோரும் அழுவதில்லை. பலருக்கு அது கோபமாக, குடியாக, முதுகுவலியாக, சாப்பாட்டில் ருசி இல்லாததாக வெளியே வரும். பத்து மணி நேரம் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு வீட்டுக்கு வரும்போது பொறுமையின் கையிருப்பு தீர்ந்துபோயிருக்கும்.

எதிரே உட்கார வைத்து விசாரித்தால் வாய் திறக்க மாட்டார். கடைக்கு நடந்து போகும்போது கேளுங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; பலருக்கு அப்பாடா என்றுதான் இருக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 அரசின் டெலி மானஸ் எண், போனிலேயே மனநல ஆலோசனை தரும் சேவை. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை, நீங்களும் பேசலாம். அவர் கை நீட்டினால் அதை நோய் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம், பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

தந்தூரி அடுப்பில் வேலை. இருமுனைக் கோளாறுக்கு (மனம் சில காலம் அளவுமீறிய உற்சாகத்திலும் சில காலம் சோர்விலும் இருக்கும் நோய்) லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். அனலில் நிற்கலாமா?

இதை நீங்கள் கேட்டதே நல்லது. வியர்வையில் நீரும் உப்பும் போனால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, பேதி, நடை தள்ளாடுவது தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரை போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். திடீரென்று உப்பைக் குறைக்காதீர்கள். நம் ஆட்கள் இடுப்புவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். "ஹோட்டல் வேலை" என்றால் அவர் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்வார்.

சார், நான் ட்ரெய்னி. தப்புச் செய்தால் ஷெஃப் கெட்ட வார்த்தையில் திட்டி, கரண்டியால் அடிக்கிறார். "நாங்களும் இப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்கிறார்கள்.

நானும் அப்படித்தான் கற்றேன், அப்படியே கற்றும் கொடுத்தேன். ஒரு பையன் கிரேவியைத் தீய்த்துவிட்டான். எல்லோர் முன்னாலும் அந்தச் சட்டியை அவன் கையில் கொடுத்து அரை மணி நேரம் நிற்க வைத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அவனுடைய ஏப்ரன் கொக்கியிலேயே ஒரு வாரம் தொங்கியது. அது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அடியால் யாருக்கும் கைப்பக்குவம் வராது தம்பி. தேதி, நேரம் எழுதி வைத்துக் கல்லூரிப் பொறுப்பாசிரியரிடம் கொடு. வேறு ஹோட்டல் கேள்.

மனச்சோர்வு மாத்திரை போட்டால் ஆண்மை போய்விடுமா?

சில மாத்திரைகளில் ஆசை குறைவது, தாமதமாவது உண்டு. மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். நீங்களாக நிறுத்தக் கூடாது. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலாம் நாளே தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம்.

22 பேர் வேலை செய்யும் உணவகம் நடத்துகிறேன். பெரிய செலவில்லாமல் நான் என்ன செய்ய முடியும்?

வார ஆஃப் கொடுத்தால் அன்றைக்குப் போன் செய்து கூப்பிடாதீர்கள். ராத்திரி கடை அடைத்தவரையே காலை டிபனுக்கு நிறுத்தாதீர்கள். கூட்டம் தொடங்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட இருபது நிமிடம் ஒதுக்குங்கள். சந்தோஷத்துக்குப் பாட்டில் வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள், அதையே பணமாகக் கொடுங்கள். அட்வான்ஸ் வாங்கியவர் என்பதற்காக ஊருக்குப் போக விடாமல் வைத்திருந்தால், இது எதுவுமே பயன்படாது. ஊழியர்களுக்குக் குழு மருத்துவக் காப்பீடு எடுத்தால் மனநோய்ச் சிகிச்சையும் அதில் இருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். பாலிசியில் கேட்டு வாங்குங்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் என்ன சொல்வது? எனக்குப் பேச்சு வராது.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். புறநோயாளி நேரம் காலையில் என்பதால் ஆஃப் நாளில் போங்கள். முந்தின நாள் கிச்சனுக்கு ஆர்டர் எழுதி அனுப்பும் கே.ஓ.டி. சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், எவ்வளவு குடிக்கிறேன், எத்தனை நாளாக இப்படி, சாக வேண்டும் என்று தோன்றியதா. பேச வேண்டாம், சீட்டை நீட்டினால் போதும்.